எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து ஆரியங்காவு தாண்ட: காரா, ரயிலா, பஸ்ஸா?

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம், கொச்சி என்று ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு மலை தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எந்த டாக்டர், ஸ்லீவா (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) பைபாஸா (இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைப்பது), எவ்வளவு செலவு என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்பது மட்டும் டிஸ்சார்ஜ் அன்று காலையில்தான் ஞாபகத்துக்கு வரும். என்னைக் கேட்டால் முதல் முறை திரும்ப கார், பிறகு செக்கப்புக்கு ரயில், வேறு வழியே இல்லையென்றால் பஸ். கொச்சியில் செய்துகொண்டவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

வண்டிக்கு முன்னால் இன்னொன்றை முடிவு செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன அன்றே கிளம்புவதா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துச் சில நாள் இருந்துவிட்டு வருவதா? ஸ்லீவ் ஆனாலும் பைபாஸ் ஆனாலும் இரைப்பையை வெட்டி, ஸ்டேப்ளர் போட்டு மூடியிருப்பார்கள். அந்த வரிசையில் கசிவு ஏற்படுவது அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், பல சமயம் ஆள் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகுதான் வரும். நாடி தறிகெட்டு ஓடும், காய்ச்சல் அடிக்கும், மூச்சு வாங்கும், வயிற்றுவலி கூடிக்கொண்டே போகும், சிலருக்கு இடது தோள்பட்டையும் வலிக்கும். லேப்ராஸ்கோப்பிக்காக, அதாவது சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்காக, வயிற்றுக்குள் செலுத்திய வாயுவாலும் முதல் சில நாள் தோள் வலிக்கும்தான். அது நாளுக்கு நாள் குறையும். குறையாமல் ஏறினால், அதுவும் நாடி படபடவென்று அடித்தால், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஆபரேஷன் செய்தவரே ஆட்டோ தூரத்தில் இருப்பது நல்லதா, குளத்துப்புழைக் காட்டுக்குள் கார் போய்க்கொண்டிருப்பது நல்லதா? லாட்ஜ் வாடகையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதையும் ஆபரேஷன் செலவோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை டாக்டரே சொல்லட்டும். முதல் ரிவ்யூ முடிந்து கிளம்பினால் மனசுக்கும் தெம்பு.

இனி கார். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை சுமார் நூறு கிலோமீட்டர். தூரம் கம்மி, வளைவுகள் ஏராளம். இருந்தாலும் காரை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்பதுதான். ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து அதிகம். உடல் பருமனும் அதைக் கூட்டும், அசையாமல் உட்கார்ந்திருப்பதும் கூட்டும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. அதனால் மணிக்கொரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், இடையில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வர வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், பயண நாளில் விட்டுவிடக் கூடாது. சீட் பெல்ட் தையல் மேல் உறுத்தினால் நடுவில் மடித்த துண்டை வையுங்கள், பெல்ட்டைக் கழற்றாதீர்கள். முன் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டல் குறையும். வாந்திக்கு என்ன மாத்திரை என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

உண்மையில் இந்த வழியில் பெரிய சண்டை தண்ணீரோடுதான். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் குடிக்க முடியாது, மடக்கு மடக்காகத்தான். என் மதினி மருந்துக் கப்பில் அளந்து குடிக்கப் பார்த்தார். பாலோடு தாண்டுவதற்குள் பாதி சேலையில். அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தார்: இது குளத்துப்புழை வரை, இது தென்மலை வரை, இது வீடு வரை. அது வேலை செய்தது. தென்மலையில் டீக்கு நிறுத்தியபோது அம்மா பழம்பொரியை நீட்டினார். “ஒரு கடி கடிச்சுக்கம்மா, வெறும் வயித்தோட மலை ஏறினா மயக்கம் வரும்.” “வேண்டாம் அத்தை, இன்னும் தண்ணீர் ஆகாரம்தான்” என்று மதினி சொல்லியும் பொட்டலம் மடியை விட்டுப் போக வெகுநேரம் ஆனது. வளைவுகளைவிடப் பாசத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, மலைப்பகுதியில் வண்டி நிதானமாகத்தான் போகும். கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பழைய மீட்டர் கேஜ் போய், புனலூர் வழியாக அகலப் பாதை முழுதாகத் திறந்தது 2018இல். திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர்கள் கொல்லத்தில் மாற வேண்டியிருக்கும். பெட்டியும் பையுமாக நடைமேடை மாறுவது, கனம் தூக்கக் கூடாத முதல் நாலைந்து வாரத்துக்கு ஆகாது. கொச்சியிலிருந்து வருகிறவர்களுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் நேராகச் செங்கோட்டைக்கு வருகிறது. அத்தனை நீண்ட சாலைப் பயணத்தோடு ஒப்பிட்டால், தூக்கிவிட ஆள் கூட இருக்கும்பட்சத்தில், அவர்களுக்கு முதல் முறையே ரயில்தான் மேல். ஆனால் அது இரவு வண்டி. கீழ்ப் படுக்கை உறுதியானால் மட்டும் ஏறுங்கள். நடுப் படுக்கைக்கு ஏறும்போது முழு பாரமும் வயிற்றுத் தசையில்தான் விழும்.

செக்கப் பயணங்களில் வேறு வகை ஆபத்து. அதற்குள் உடம்பு தேறியிருக்கும், நாக்கும் தேறியிருக்கும். பைபாஸ் செய்தவர்கள் சர்க்கரை வரட்டியோ (வெல்லம் பூசிய வாழைக்காய் வறுவல்) பாயசமோ கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ளினால், அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, படபடத்து, வயிறு கலங்கிவிடும். ஓடும் ரயிலில் அது பெரிய அவஸ்தை. உடம்பு வலி என்று வழியில் கடைக்காரர் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், பைபாஸ் ஆனவர்களுக்கு அதில் புண் வரும். பாராசிட்டமால் போதும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் பழைய அளவும் இனி பொருந்தாமல் போகலாம். புதுச் சீட்டில் உள்ளதை மட்டும் எடுத்துப் போங்கள்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலிவு, அவ்வளவுதான். நினைத்த இடத்தில் நிற்காது, கழிப்பறை கிடையாது, அந்த வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் நல்ல வயிறே புரளும்.

எதில் போனாலும் மாதத்தைப் பாருங்கள். குற்றால சீசனிலும், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும்போதும் புளியரை, ஆரியங்காவு சாலையில் கார் ஊர்ந்துதான் போகும். அப்போது செக்கப்புக்கு ரயிலே மேல். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்கள், போனிலும் ஒரு படம் இருக்கட்டும். வழியில் ஏதாவது ஆகி வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் “எனக்கு ஸ்லீவ்” அல்லது “எனக்கு பைபாஸ், இதயத்தில் இல்லை, வயிற்றில்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாந்தி என்றதும் மூக்கு வழியாகக் குழாய் போடக் கிளம்புவார்கள், அது ஸ்டேப்ளர் போட்ட இடத்தில் குத்திவிடலாம். அதற்கு முன் ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.