ஹட்டனில் இரண்டு நாள் விமானி வகுப்பு: போய் வந்த அனுபவம்

அப்பா நோர்வூட் பக்கம் தோட்ட லொறி ஓட்டுகிறார். "ஹோன் அடிச்சா மட்டும் பத்தாது, எதிர்ல வர்றவன் காதுல விழுந்திருக்கணும்" என்று வளைவுக்கு வளைவு சொல்வார். ஹட்டனில் ஒரு டியூஷன் கட்டிடத்து மாடியில், வானத்தில் மற்ற விமானங்களோடு மோதாமல் பறப்பது பற்றி ஓய்வுபெற்ற விமானி ஒருவர் நடத்தும் வகுப்பில் இரண்டு நாளும் எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகத்தில் இருந்தது.

அடுத்த வருடம் பயிற்சிக்கு அமெரிக்கா போகிறேன். அங்கே பொதுப் பயன்பாட்டு விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. கட்டுப்பாட்டுக் கோபுரம் இருப்பது 500 சொச்சத்தில்தான். மற்ற இடங்களில் விமானிகள் ஒரே அலைவரிசையில் தாங்கள் எங்கே வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்து விலகி இறங்க வேண்டும். ரேடியோவே இல்லாத பழைய விமானமும் அங்கே வரலாம், அதற்குச் சட்டத்தில் தடையில்லை.

முதல் நாள் காலை சர்க்கிட் பாடம். ஓடுபாதையை ஒட்டி நீள்சதுரமாகச் சுற்றுவது, தரையிலிருந்து வழக்கமாக 1,000 அடி, வேறு குறிப்பு இல்லையென்றால் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

மத்தியானம் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அதற்காகவே இந்த வகுப்புக்குப் போகலாம். என்னை ஒரு மூலையிலும் கொட்டகலையிலிருந்து வந்த தம்பி ஒருவனை இன்னொரு மூலையிலும் நிறுத்தி, நடுவில் ஒரே இடத்தைப் பார்த்து ஒரே வேகத்தில் நடக்கச் சொன்னார். நான் அவனை நோக்கிக் கையை நீட்டியபடி நடக்க வேண்டும். "கை அசையுதா பாரும்மா!" என்று சேர் கத்தினார். அசையவே இல்லை. ரொம்ப நேரம் அவன் தூரத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது. கடைசி நாலைந்து எட்டில் மளமளவென்று பெரிதாகி, தோளோடு தோள் இடித்துக்கொண்டோம். அடுத்த முறை அவன் வேகமாக நடந்தான். என் கை மெதுவாக முன்பக்கம் திரும்பியது, அவன் எனக்கு முன்னால் கடந்து போய்விட்டான்.

"நம்ம விமானத்து முன்கண்ணாடியில நகர்ற விமானம் கடந்து போயிரும். நகராம நிக்கிற புள்ளிதான் மோதும், அதைத் தேடணும்" என்றார். நம் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும், அசையாததை விட்டுவிடும். அதனால் வானத்தைப் பத்துப் பத்துப் பாகையாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு விநாடியாவது கண்ணை நிறுத்திப் பார்க்கப் பழக்கினார். எனக்குக் கண் வலித்தது, ஆனாலும் விடவில்லை.

இரண்டாம் நாள் 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் நடந்ததைச் சொன்னார். சர்க்கிட்டில் ஒரு சிறிய செஸ்னா 152. சர்க்கிட்டில் சுற்றாமல் நேராக இறங்க வேகமாக வந்தது இரட்டை எஞ்சின் செஸ்னா 340. இரண்டு விமானிகளும் ஒரே அலைவரிசையில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் வேகமாக வருகிறீர்கள் என்று சிறிய விமானத்தில் இருந்தவர் சொல்லவும் செய்தார். பட்டப்பகலில் மோதின. மூன்று பேர் இறந்தார்கள்.

அப்புறம் சேர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். இன்னொரு விமானம் கண்ணில் பட்டு, மோதப்போகிறது என்று புரிந்து, நம் விமானம் திரும்பத் தொடங்க 12.5 விநாடி ஆகும் என்பது அமெரிக்க விமானத்துறை சொல்லும் கணக்கு. அவ்வளவு நேரமும் எங்களைச் சும்மா உட்கார வைத்தார். யாரும் மூச்சு விடவில்லை.

குறை என்றால், மற்ற விமானங்களைத் திரையில் காட்டும் ஏடிஎஸ்-பி கருவிக்கு அரை மணிநேரம் போதவில்லை. சிக்னல் அனுப்பாத விமானம் அந்தத் திரையில் தெரியாமல் போகலாம் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஸ்லைடுகள் எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தன. கடைசி வரிசையில் இருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். தமிழில் ஒரு தாள் அடித்துக் கொடுத்தால் நல்லது என்று சேரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டோடு 6,000 ரூபா. என்னைப் போல வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் கட்டாயம் போங்கள். மாடிப்படிக்குக் கூரை இல்லை, குடை கொண்டு போங்கள். மைதானம் ஈரமாக இருக்கும், சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள்.