விருதுப் பட்டியல் ஆவணப்படத் தொடர் என்று பாஸ் விற்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆஸ்கர் பருவம் வந்துவிட்டால் சில தியேட்டர்கள் ஆவணப்படத் தொடர் அறிவிக்கின்றன. வாரம் ஒரு மாலை, ஐந்து படங்கள், அனைத்துக்கும் சேர்த்து ஒரே பாஸ். ஆவணப்படத்தைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பே அரிது என்பதால், அப்படியோர் அறிவிப்பைக் கண்டதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாஸ் வாங்கினோம். சொன்ன படங்களில் பாதிகூட வரவில்லை. வந்தவற்றையும் காட்ட வேண்டிய முறையில் காட்டவில்லை. பணத்தைக் கேட்டால் கைவிரிக்கிறார்கள். அதே தியேட்டர் அடுத்த தொடருக்கு முன்பதிவையும் தொடங்கிவிட்டது. அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

ஏமாற்று வேலை போஸ்டரிலேயே தொடங்குகிறது. ஆஸ்கர் சிலையின் படம் பெரிதாக இருந்தது. அதன் கீழே ‘இந்த ஆண்டு பரிந்துரைக்கப்பட்ட ஐந்து ஆவணப்படங்கள்’ என்று ஒரு வரி. படங்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. பாஸ் விற்றுத் தீர்ந்த பிறகுதான் பெயர்களை வெளியிட்டார்கள். அவற்றை ஆஸ்கர் விருதை வழங்கும் அகாடமி வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்தில் இரண்டு மட்டுமே உண்மையில் பரிந்துரை பெற்றவை. அவற்றிலும் ஒன்று குறும்படப் பிரிவைச் சேர்ந்தது. மூன்றாவது படம் முன்தேர்வுப் பட்டியலோடு நின்றுவிட்டது. நான்காவது போட்டிக்கு அனுப்பப்பட்ட படம், அவ்வளவுதான். ஐந்தாவது வேறொரு பிரிவுக்கு ஒரு நாடு அனுப்பிவைத்த படம். அந்தப் பிரிவிலும் அது தேர்வாகவில்லை.

இந்தப் படிநிலைகள் பலருக்கும் தெரியாது என்பதுதான் இவர்களுடைய துணிச்சலுக்குக் காரணம். 1942 விழாவில் தொடங்கி ஆவணப்படங்களுக்கு ஆஸ்கர் வழங்கப்படுகிறது. இப்போது அதில் இரண்டு பிரிவுகள். 40 நிமிடத்துக்குள் அடங்கினால் குறும்படம், அதைத் தாண்டினால் முழுநீளப் படம். முழுநீளப் பிரிவுக்கு மட்டும் அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் போட்டியிடத் தகுதி பெறுகின்றன. அமெரிக்காவில் குறிப்பிட்ட நகரங்களின் தியேட்டர்களில் ஒரு வாரம் ஓடியது, அங்கீகரிக்கப்பட்ட விழாக்களில் பரிசு பெற்றது போன்ற வழிகளில் அந்தத் தகுதி கிடைத்துவிடும். அவற்றிலிருந்து முன்தேர்வாக 15 படங்கள், அந்த 15இலிருந்து இறுதியாக 5. அந்த ஐந்து மட்டும்தான் பரிந்துரை பெற்றவை. போட்டிக்கு வந்த எல்லாப் படத்தையும் அந்த வரியில் சேர்க்கலாம் என்றால் அந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கும் இதே போஸ்டரை ஒட்டலாம்.

மேலாளரிடம் இதைக் கேட்டேன். “நாடே தேர்ந்தெடுத்து அனுப்பிய படம் சார், அதைவிடப் பெரிய பரிந்துரை வேண்டுமா?” என்றார். சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு படத்தை அனுப்பலாம். அனுப்பியதாலேயே அது இறுதி ஐந்தில் வந்துவிடுவதில்லை. ஆவணப்படம் ஒன்று இரண்டு பிரிவிலும் இறுதிக்கு வந்ததுண்டு. வடக்கு மாசிடோனியாவின் ‘ஹனிலேண்ட்’ 2020இல் ஆவணப்படத்துக்கும் சர்வதேசப் படத்துக்கும் பரிந்துரை பெற்றது. அகாடமியின் விருதுத் தரவுத்தளத்தில் படத்தின் பெயரைத் தட்டினாலே இது தெரியும். எங்களுக்குக் காட்டிய படத்தின் பெயர் அதில் எங்கும் இல்லை. அதைக் கைபேசியில் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, “விளம்பரத்தை நாங்கள் செய்வதில்லை, வேறொரு குழு செய்கிறது” என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

பட்டியலை ஒருவாறு பொறுத்துக்கொண்டு படம் பார்க்கப் போனால், அங்கே காத்திருந்தது இதைவிட மோசம். அணைக்காக ஓர் ஆற்றங்கரை ஊரையே காலி செய்யவைத்த கதை அது. உண்மையில் பரிந்துரை பெற்ற முழுநீளப் படம் கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்ததால், அதற்கு முன் வந்தவற்றில் நான் மிகவும் எதிர்பார்த்தது இதைத்தான். தொடங்கிய சிறிது நேரத்தில் திரையின் நடுவே சாம்பல் நிறத்தில் மங்கலாக எழுத்துகள் தோன்றின. ‘விருதுப் பரிசீலனைக்கு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. மறைந்தது, சில நிமிடம் கழித்து மீண்டும் வந்தது. படம் முழுவதும் அப்படித்தான். ஒரு மூதாட்டி தன் வீட்டு நிலைக்கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டு, கேமராவைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார். அந்த எழுத்துகள் சரியாக அவருடைய கண்களின் மேல் வந்து நின்றன. அந்த முகத்தைப் படம்பிடிக்க எத்தனை ஆண்டுகள் அந்தக் குடும்பத்தோடு பழகியிருப்பார்கள்! அதை எங்களால் பார்க்க முடியவில்லை.

வாக்களிப்பவர்களும் விமர்சகர்களும் தனியாகப் பார்ப்பதற்காகக் கொடுக்கப்படும் பிரதியில்தான் இத்தகைய வாட்டர்மார்க் இருக்கும். அதைப் பொதுமக்களுக்கு டிக்கெட் போட்டுக் காட்ட யாருக்கும் உரிமை கிடையாது. தியேட்டரில் காட்டுவதற்கு விநியோகஸ்தர் டிசிபி என்ற டிஜிட்டல் பிரதியை அனுப்புவார். அது பெரும்பாலும் பூட்டப்பட்டு வரும். அதைத் திறக்கும் சாவி குறிப்பிட்ட தியேட்டரின் கருவிக்கும் குறிப்பிட்ட நாட்களுக்கும் மட்டுமே வேலை செய்யும். அதற்கென்று கட்டணம் உண்டு, அதிலிருந்து படம் எடுத்தவர்களுக்கும் ஒரு பங்கு போகும். பரிசீலனைப் பிரதியை ஓட்டினால் அந்தச் செலவே இல்லை. நாங்கள் கொடுத்த பணத்தில் ஒரு காசுகூட அந்தப் படத்தை எடுத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். பல ஆண்டு கடன்பட்டு ஆவணப்படம் எடுப்பவர்களின் வயிற்றில் அடித்துவிட்டு, அவர்களுடைய பெயரைச் சொல்லியே கல்லா கட்டுகிறார்கள்.

சப்டைட்டில் கதை தனி. எங்களோடு வந்த பெரியம்மாவுக்குக் காது மந்தம். கேட்கும் கருவி வைத்திருந்தாலும் கூட்டத்தில் பேச்சு பிடிபடாது. சப்டைட்டில் இருந்தால் எந்த மொழிப் படத்தையும் ரசித்துப் பார்ப்பார், முடிந்ததும் ஒரு வாரத்துக்கு அதைப் பற்றியே பேசுவார். அன்று படத்தின் அளவைத் திரைக்கு ஏற்பச் சரிசெய்யவில்லை. சப்டைட்டிலின் முதல் வரி திரையில் தெரிந்தது. இரண்டாவது வரி திரைக்குக் கீழே இருக்கும் கறுப்புத் துணியில் விழுந்தது. எழுத்துகளின் தலைப்பகுதி மட்டும் மேலே எட்டிப் பார்த்தது. “என்ன தம்பி சொல்கிறாள் அந்த அம்மாள்?” என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் தெரியவில்லை. வெளியே போய்ச் சொன்னேன். புரொஜெக்டர் அறையில் இருந்த இளைஞர் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். கொடுத்த கோப்பு இதுதான், இதற்கு மேல் சுருக்கினால் படம் நசுங்குகிறது என்று வருத்தத்தோடு சொன்னார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. கையில் கொடுத்ததைத்தானே அவர் ஓட்ட முடியும்? பெரியம்மா இடைவேளையோடு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் அழைத்தபோது வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

குறும்படம் போட்ட மாலையில் அரை மணி நேரத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள். நல்ல படம், நன்றாகவும் காட்டினார்கள். ஆனால் குறும்படத்தை இப்படித் தனியாகப் போட்டு முழு மாலைக்கான பணம் வாங்குவது முறையல்ல. பரிந்துரை பெற்ற குறும்படங்கள் ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதுதான் வழக்கம். சேர்த்தால் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் ஆண்டுகளும் உண்டு. 2023இல் விருது வென்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ இந்தப் பிரிவுப் படம்தான் என்றால் பலருக்கு எளிதில் புரியும். ‘இயக்குநருடன் உரையாடல்’ என்று அறிவித்திருந்த நிகழ்ச்சியில், இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய பழைய பேட்டி ஒன்றைத் திரையில் ஓட்டினார்கள். அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி வாரம் வந்தது. தொடரின் பெரிய படம், பலரும் அதற்காகவே பாஸ் வாங்கியிருந்தோம். அன்று மதியம் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ படம் மாற்றப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மாற்றுப் படம் சில ஆண்டுகளுக்கு முன் வந்தது, எந்தப் பட்டியலிலும் இல்லாதது. எனக்குச் சந்தேகம் வந்து, பெரிய படத்தின் விநியோகஸ்தருக்கு எழுதிக் கேட்டேன். அந்தத் தியேட்டருக்குப் படத்தைத் தரவே இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை என்று சுருக்கமாகப் பதில் வந்தது. அப்படியானால் பாஸ் விற்ற நாளிலேயே அந்தப் படம் அவர்கள் கையில் இல்லை. தவிர்க்க முடியாத காரணம் எங்கிருந்து வந்தது?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பாஸின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். ‘நிகழ்ச்சிகள் மாற்றத்துக்கு உட்பட்டவை’ என்று பொடி எழுத்தில் இருந்தது. ஒரு படம் வர முடியாமல் போனால் அந்த வரியைக் காட்டலாம். இல்லாத ஐந்தை இருப்பதாகச் சொல்லி விற்றுவிட்டு அதைக் காட்டுவது அநியாயம். ஈடாக, வாரநாள் காலைக் காட்சிக்கு மட்டும் செல்லுபடியாகும் டிக்கெட் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். வாங்கவில்லை. அதை வாங்கிக்கொண்டால் புகார் தீர்ந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். உங்களுக்கும் இப்படி ஏதாவது நீட்டினால், எதில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

இத்தகைய தொடர் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடத்தும் தியேட்டர்களை அறிவிப்பிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். படத்தின் பெயர், எந்த ஆண்டு, எந்தப் பிரிவில் பரிந்துரை பெற்றது, எத்தனை நிமிடம், எந்த மொழி, சப்டைட்டில் உண்டா என்பதையெல்லாம் முதலிலேயே போட்டுவிடுவார்கள். பெயர் இல்லாமல் பாஸ் விற்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பெயர் இருந்தால், சரிபார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிறகு தியேட்டருக்குத் தொலைபேசியில் அழைத்து, படம் டிசிபியில் வருகிறதா, விநியோகஸ்தரிடம் உறுதி வாங்கிவிட்டீர்களா என்று கேளுங்கள். முறையாக நடத்துபவர்கள் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். படம் மாறினால் அந்த மாலைக்கான பணம் திரும்பக் கிடைக்குமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இதற்கெல்லாம் மழுப்பினால், பாஸ் வேண்டாம். பார்க்க விரும்பும் படத்துக்கு மட்டும் அன்றைக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். திரையில் பரிசீலனைப் பிரதியின் எழுத்துகளைக் கண்டால் படத்தின் விநியோகஸ்தருக்கோ தயாரிப்பாளருக்கோ ஒரு வரி எழுதிப் போடுங்கள். அவர்களுக்குத் தெரியாமல்தான் இது நடக்கிறது.

ஏற்கெனவே இந்தத் தொடருக்குப் பணம் கட்டியவர்களுக்கு ஒரு செய்தி. தியேட்டரின் பக்கத்தில் இருந்த பழைய அறிவிப்பை இப்போது மாற்றிவிட்டார்கள். ‘விருதுப் பருவ ஆவணப்படங்கள்’ என்று மட்டும் இருக்கிறது. பழைய போஸ்டரின் படம், படம் மாறியதாக வந்த குறுஞ்செய்தி, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். கார்டில் கட்டியிருந்தால், விவரித்தபடி சேவை கிடைக்கவில்லை என்று சொல்லி வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரலாம். நாங்கள் அப்படித்தான் விண்ணப்பித்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. இதற்குக் கால வரம்பு உண்டு, அது வங்கிக்கு வங்கி மாறும். தியேட்டரின் பதிலுக்காகக் காத்திருந்து அந்த நாளைத் தவறவிடாமல், உங்கள் வங்கியிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.