ஸ்காட்லாந்து மலைகள்: வில்சன் படங்களா, ஆடம் படங்களா?

ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் (1823–1893) ஈரக் கொலோடியன் என்ற பழைய புகைப்பட முறையில் படமெடுத்தவர். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, மலையடிவாரத்திலேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவிவிட வேண்டும். அந்தத் தகடு நீல ஒளியை மிகையாக வாங்கிக்கொள்ளும். வானம் எளிதில் வெளுத்துவிடும். பாறை விளிம்போ அத்தனை துல்லியம்! சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க எடுத்தவை என்பதால், பேர்பெற்ற இடங்களே அதிகம்.

ராபர்ட் மோயஸ் ஆடம் (1885–1967) எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பணியாற்றியவர். அவர் காலத்தில் உலர்தகடு, அதாவது முன்பே ரசாயனம் பூசி உலர்த்திய தகடு, வந்துவிட்டதால் கூடாரச் சுமை இல்லை. மலையோடு மரமும் புதரும் அவர் கண்ணில் படும்.

கைவினையை ரசிக்க வில்சன்; அவர் படங்கள் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நிலத்தின் மாற்றத்தை அறிய, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திலுள்ள ஆடம் தொகுப்பையே முதலில் திறப்பேன்.