ஐ.சி.கே.டி.எஸ்.எஃப்: பழைய வால்யூமைத் திரும்ப எடுக்கும்போது எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

ஐ.சி.கே.டி.எஸ்.எஃப் (சுருக்கமாக டி.எஸ்.எஃப்) என்பது ஐபிஎம் மெயின்ஃபிரேம் டிஸ்க்குகளைத் தயார் செய்யும் கருவி. மெயின்ஃபிரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருகிறது, தனி லைசென்ஸ் வேண்டாம். ஒரு 3390 வால்யூமை (ஐபிஎம்மின் 3390 வகை டிஸ்க்) காலி செய்து வேறு வேலைக்குக் கொடுக்க டி.எஸ்.எஃப்பின் இனிட் கமாண்டை விட நேரான வழி கிடையாது. மினிமல் இனிட் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்தே சந்தேகம் வர வேண்டும்: அது எழுதுவது புது லேபிளும் (வால்யூமின் பெயர்ப் பதிவு) புது விடாக்கும் (வால்யூமில் உள்ள கோப்புகளின் பொருளடக்கம்) மட்டுமே. பழைய டேட்டா டிராக்குகளில் அப்படியே கிடக்கும். சம்பளப் பட்டியல் இருந்த வால்யூம் டெஸ்டுக்குப் போகிறதென்றால், முதலில் டிராக்ஃபார்மட் கமாண்டை எரேஸ்டேட்டா (டேட்டாவை அழிக்கும்) ஆப்ஷனோடு ஓட்டி, பிறகு இனிட் செய்யுங்கள். நேரம் பிடிக்கும்தான், 3390 மாடல் 9-இல் 10,017 சிலிண்டர்கள், சிலிண்டருக்கு 15 டிராக்.

இந்தக் கருவியின் மிகச் சிறந்த அம்சம், இனிட்டோடு எழுதும் வெரிஃபை. பழைய வால்சரை (லேபிளில் உள்ள வால்யூம் பெயர்) அதில் கொடுத்தால், யூனிட் அட்ரஸில் ஓர் இலக்கம் தவறினாலும் லேபிள் பொருந்தாமல் வேலை நின்றுவிடும். நோவெரிஃபை (சோதிக்காதே) போட்டு வைத்த பழைய ஜேசிஎல்லை (வேலையை ஓட்டும் கட்டளைத் தொகுப்பு) காப்பி அடிப்பவர்களுக்கு அந்தக் காப்பு கிடையாது. கன்சோலில் யூ-வா (மாற்று) டி-யா (நிறுத்து) என்று கேட்கும் கேள்வியும் பெரிய தடையில்லை. ஆபரேட்டர் பழக்கத்தில் யூ போட்டுவிடுவார். காலாவதியாகாததையும் அழிக்க அனுமதிக்கும் பர்ஜும் அப்படியே: அதை எழுதாவிட்டால், காலாவதியாகாத டேட்டாசெட் (மெயின்ஃபிரேம் கோப்பு) இருக்கும் வால்யூமை டி.எஸ்.எஃப் தொடாது. வேலை நின்றதே என்று உடனே பர்ஜைச் சேர்க்காமல், ஐஈஎச்லிஸ்ட் என்ற பட்டியலிடும் கருவியில் விடாக்கைப் பாருங்கள்.

வால்யூம் ஆஃப்லைனில் இருக்க வேண்டும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் எல்பாரில் (மெயின்ஃபிரேமில் தனி சிஸ்டமாக ஓடும் பகுதி) மட்டுமல்ல, அதைப் பகிரும் எல்லாவற்றிலும். ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஆதரித்தால் வெரிஃபைஆஃப்லைன் (வேறெங்காவது ஆன்லைனில் இருக்கிறதா என்று பார்ப்பது) போட்டுவிடுங்கள்; இதை எப்போதோ டீஃபால்ட்டாக வைத்திருக்கலாம் என்பது என் மனக்குறை.

விடாக் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 3390-இல் டிராக்குக்கு 50 டிஎஸ்சிபி (விடாக்கின் ஒரு பதிவு). விடாக் இண்டெக்ஸை சிலிண்டர் 0, டிராக் 1-இலிருந்து 14 டிராக், விடாக்கைச் சிலிண்டர் 1-இலிருந்து 30 டிராக் என்று வைத்தால் 1,500 பதிவுகள். சிறு டேட்டாசெட்டுகள் குவியும் வால்யூமுக்கு இதை இரட்டிப்பாக்குங்கள். விடாக் நிரம்பினால், டிஸ்க்கில் பாதி இடம் காலியாக இருந்தாலும் புது அலோகேஷன் நடக்காது.

டி.எஸ்.எஃப் கேட்டலாக்கை (எந்த டேட்டாசெட் எந்த வால்யூமில் என்று சொல்லும் பட்டியல்) தொடுவதில்லை. பழைய டேட்டாசெட் பெயர்கள் அங்கே அனாதையாக நிற்கும். அதே பெயரில் புதிதாகக் கேட்டலாக் செய்யப் போகும்போதுதான் மோதும். கேட்டலாக்கைப் பராமரிக்கும் ஐடிகேம்ஸில் டெலீட் நோஸ்க்ராட்ச் (கேட்டலாக் பதிவை மட்டும் நீக்குவது) கொடுத்து அவற்றைக் கழிக்க வேண்டும்.

எஸ்எம்எஸ் வால்யூம் (சிஸ்டமே நிர்வகிக்கும் வால்யூம்) என்றால் இனிட்டில் ஸ்டோரேஜ்குரூப் எழுதுவதோடு முடியாது. ஐஎஸ்எம்எஃப்பில் (எஸ்எம்எஸ்ஸை நிர்வகிக்கும் திரைகள்) அந்தக் குரூப்பில் வால்யூமைச் சேர்த்து, கான்ஃபிகரேஷனை ஆக்டிவேட் செய்து, வேரி ஆன்லைன் கொடுத்த பிறகுதான் அதில் அலோகேஷன் விழும்.