எஞ்சின் சைக்கிளுக்கு எத்தனை பல் ஸ்பிராக்கெட்? மூன்றையும் ஓட்டிய அனுபவம்

சைக்கிளில் பொருத்தும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கிட்டைப் பிரித்தால், பின் சக்கரத்துக்கு பெரும்பாலும் 44 பல் ஸ்பிராக்கெட்தான் (செயின் ஓடும் பல்சக்கரம்) இருக்கும். நானும் அதில்தான் தொடங்கினேன். பிறகு 36 பல், கடைசியாக 41. மூன்றையும் ஏற்றம், சமதளம், எதிர்க்காற்று, பாரம் என எல்லா நிலையிலும் நெடுங்காலம் ஓட்டியாகிவிட்டது. இப்போது வண்டியில் இருப்பது 41.

முதலில் கணக்கு. இந்த எஞ்சினில் கியர்பாக்ஸ் கிடையாது. உள்ளே 20 பல் சக்கரம் 82 பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது, 4.1 மடங்கு வேகக்குறைப்பு. வெளியே 10 பல் முன் ஸ்பிராக்கெட். பின்னால் 44 என்றால் எஞ்சின் ஏறத்தாழ 18 சுற்று சுற்றினால்தான் பின் சக்கரம் ஒருமுறை சுழலும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். எஞ்சின் 5000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 5000 சுற்றில், ஓடும்போது 44 பல்லில் மணிக்கு 34 கி.மீ., 41 பல்லில் 37, 36 பல்லில் 42 கிடைக்கும். ஸ்பிராக்கெட் விவாதங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்ணில் மயங்கியே முடிகின்றன.

44 பல் ஏற்றத்துக்குப் பிறந்தது. இரண்டு மிதி மிதித்து கிளட்சை விட்டால் வண்டி உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் 35 கி.மீ.யைத் தாண்டியதும் அதிர்வு கைப்பிடியில் ஏறிவிடும். நீண்ட பயணம் முடிந்து இறங்கினால் விரல்கள் மரத்திருக்கும். எஞ்சினைத் தாங்கும் நட்டுகளையும் அடிக்கடி முறுக்க வேண்டியிருந்தது.

36 மாட்டியதும் வேறு வண்டியில் ஏறியது போலிருந்தது. அதே 35 கி.மீ. வேகத்துக்கு 4200 ஆர்பிஎம்கூட வேண்டாம். சத்தமும் அதிர்வும் அடங்கிவிட்டன. இந்தச் சுகத்துக்கு விலையும் உண்டு. சக்கரத்துக்கு வரும் இழுவையில் 18 சதவீதம் போய்விடுகிறது. கிளட்ச் பிடிப்பதற்குள் நீண்ட தூரம் மிதிக்க வேண்டும். அவசரப்பட்டு விட்டால் அது வழுக்கிச் சூடாகும். எதிர்க்காற்று வீசும் நாளில் 36 பல் 44 பல்லைவிட மெதுவாகப் போனது. எஞ்சின் தன் வலு கிடைக்கும் சுற்றுக்கே ஏற முடியாமல் திணறுவதுதான் காரணம். ஸ்பிராக்கெட்டைச் சிறிதாக்கியும் உச்ச வேகம் கூடவில்லையென்றால், உங்கள் எஞ்சினின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

41 இவ்விரண்டுக்கும் நடுவில் உட்காருகிறது. 44 பல்லோடு ஒப்பிட்டால் இழுவை 7 சதவீதம்தான் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் கொஞ்சம் மிதித்துக் கொடுத்தால் போதும். மிதிகள் இருப்பதை மறந்துவிட்டுப் பல் விகிதத்தைத் தேர்ந்தெடுப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. இன்னொரு சின்ன அனுகூலம்: 41 ஒற்றைப்படை எண், செயினின் கண்ணிகளோ வழக்கமாக இரட்டைப்படை என்பதால், பின் ஸ்பிராக்கெட்டின் ஒவ்வொரு பல்லிலும் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி அமர்கின்றன, தேய்மானம் பரவலாகிறது. செயினின் ஆயுள் இதனால் கூடியதா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் எண்ணெய் விடுவதிலும் கொஞ்சம் கவனமாகிவிட்டேன்.

மாற்றும் வேலையில் பல்லின் எண்ணிக்கையைவிடச் செயின்தான் தொல்லை தரும். 44-இலிருந்து 36-க்குப் போனால் ஏறத்தாழ நான்கு கண்ணிகள் கழற்றினால் சரியாகிவிடும். 41-க்குப் போகும்போது மிஞ்சுவது ஒன்றரைக் கண்ணி. சாதாரணச் செயினில் கண்ணிகளை ஜோடியாகத்தான் குறைக்க முடியும் என்பதால் அதைக் கழற்ற வழியில்லை. சக்கரத்தை ஒரு சென்டிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினால் அந்தத் தொய்வு போகும், ஆனால் மறுபக்கத்து மிதிச் செயின் இறுகிவிடும். என் வண்டியில், செயினை அழுத்தித் தொய்வை எடுக்கும் டென்ஷனர் உருளையை வைத்துத்தான் சரிசெய்தேன். ஆரக்கம்பிகளுக்கு இருபுறமும் ரப்பர் வைத்துப் பூட்டும் வகை ஸ்பிராக்கெட் என்றால், மையம் சரியாக இருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். செயின் ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தொய்ந்தால் போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் பொருத்த வேண்டும்.

உடல் எடை அதிகமுள்ளவர்கள், பின்னால் பாரம் ஏற்றுபவர்கள், தினமும் ஏற்றம் உள்ளவர்கள் 44 பல்லை மாற்ற வேண்டாம். 36 பல் முழுக்கச் சமதளத்தில் ஓட்டுபவருக்கு மட்டும். அதுவும் எஞ்சின் நன்றாகப் பழகி முடிந்த பிறகு.