ரத வீதி மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைச் சொதி

திருநெல்வேலி டவுனில் ரத வீதி ஒன்றில் இருக்கிற சின்ன மெஸ். மற்ற நாட்களில் சாம்பார், ரசம், மோர் என்று எங்கும் கிடைக்கிற மதியச் சாப்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொதி. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுப் பந்திக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்புதான் சொதி. ஹோட்டல்காரர்கள் கையில் அது பெரும்பாலும் வெள்ளைக் குருமாவாகிவிடும். இங்கே சொதி சொதியாகவே இருக்கிறது. பாசிப்பருப்பு பதமாகக் குழைந்திருக்கிறது, முருங்கைக்காய் நார் நாராகப் பிரியவில்லை, பூண்டு முழுப் பல்லாகவே கிடக்கிறது. பச்சை மிளகாயும் இஞ்சியும் தருகிற காரம்தான். மசாலா வாடையே இல்லை. இரண்டாம் பால், மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிவதும் இறக்கிய பிறகுதான். வீட்டில் நாலு பேருக்கு வைக்கும்போதே அடுப்பை விட்டு நகர முடியாது. இவர்கள் அண்டாவில் வைக்கிறார்கள். பரிமாறுகிற அண்ணாச்சியிடம் பக்குவம் கேட்டேன். "அடுப்படி எங்க மதினி பொறுப்பு. அங்க நான் வாயே தொறக்கப்பிடாது" என்று சிரித்தார்.

தேங்காய்ப்பால் செரிக்கத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி உண்டு. வெல்லம் கொஞ்சம் தூக்கல். உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும் பாக்கெட் சரக்கு, அதில் காறல் வேறு. இவ்வளவு பாடுபட்டுச் சொதி வைக்கிறவர்கள் நாலு கிழங்கைச் சீவிப் பொரிக்கக் கூடாதா?

அளவுச் சாப்பாடு 90 ரூபாய், முழுச் சாப்பாடு 130. அளவில் சொதி ஒரு கிண்ணம்தான், அதோடு யாரும் எழுந்திருக்க மாட்டோம். முழுச் சாப்பாடே வாங்குங்கள். பார்சல் வேண்டாம், சூட்டோடு பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருகிறார்கள். தூக்குச்சட்டி கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள்.

ஒரு மணிக்குள் போய்விடுங்கள். இரண்டு மணிக்கு மேல் வாசல் பலகையில் சொதி இருக்கும், அண்டாவில் இருக்காது. இலை போட்டு உட்கார்ந்த பிறகு சாம்பார் வாளியோடு வருகிறார்கள், விலை என்னவோ அதே 130தான்.