14,000 ரூபாவுக்கு நான் வாங்கிய வீட்டுச் சேவல்

நுவரெலியா, நானுஓயா, அம்பேவலைப் பக்கம் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை கட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நாலைந்து பேராவது தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன். "அமெரிக்க கிரிஸ்லி கேப், ட்ரை ஃப்ளைக்கு" என்று கொழும்பிலிருந்து இணையத்தில் விற்கிறவரிடம் முன்பணம் கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன். வந்தது நம் வீட்டுக்குப் பின்னால் குப்பை கிளறுகிற சேவல்தான். கழுத்துத் தோலோடு உரித்து, பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தூண்டில் முள்ளில் நூலையும் இறகையும் சுற்றிப் பூச்சி போலச் செய்வதுதான் ஃப்ளை. நீருக்குள் அமிழ்ந்து போவது வெட் ஃப்ளை, மேலே மிதப்பது ட்ரை ஃப்ளை. சேவலின் கழுத்துத் தோலை இறகோடு காய வைத்தால் அது கேப். இறகில் கறுப்பு வெள்ளைக் கோடு இருந்தால் அது கிரிஸ்லி. இங்கே ஓடைகளில் ட்ரவுட் இருப்பதே வெள்ளைக்காரத் துரைமார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்து விட்டதால்தான். எங்கள் தாத்தா ஒரு துரைக்குத் தூண்டில் பை தூக்கியவர். முள்ளில் இறகு சுற்றும் பழக்கம் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். நான் பகலில் ஓட்டோ ஓட்டுகிறேன், இரவில் கட்டுகிறேன். மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக்காரரைக் கூட்டிப் போகும் வழிகாட்டி ஒருவர் வாங்கிக்கொள்வார்.

இதுவரை எனக்கு இறகு தந்தது என் சொந்தச் சேவல்தான். ஒரு வயது தாண்டிய சேவல், இறகு உதிர்த்துப் புதிதாக முளைத்த பிறகு கழுத்து இறகு நன்றாக இருக்கும். ஆனால் அதெல்லாம் வெட் ஃப்ளைக்குத்தான். நம் சேவல் இறகில் நடுத்தண்டை ஒட்டிப் பஞ்சு மாதிரி ஒரு பகுதி மேலே வரைக்கும் ஏறியிருக்கும். அது தண்ணீரைக் குடிக்கும். அமிழவேண்டிய பூச்சிக்கு அது நல்லது, மிதக்கவேண்டியதற்குக் கேடு. தண்டும் தடிப்பு, சுற்றும்போது முறுக்கிக்கொண்டு நிற்கும். நம்பர் 14 முள்ளுக்கு ஏற்ற சின்ன இறகு ஒரு கழுத்தில் கொஞ்சம்தான் கிடைக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகச் சேவலைத் தெரிந்தெடுத்து வளர்க்கிறார்கள். அந்த இறகு ஒடுக்கம், நீளம். நார் குட்டையாக, விறைப்பாக, ஒரே அளவாக இருக்கும். முள்ளைச் சுற்றி நிற்கும் நார் நுனிகள் தண்ணீரின் மேற்பரப்பைக் கிழிக்காமல் அதன்மேல் நிற்பதால்தான் ஃப்ளை மிதக்கிறது.

வழிகாட்டி அண்ணன் இரண்டு டசின் ட்ரை ஃப்ளை கேட்டார், அதுவும் பத்து நாளில். அந்த அவசரத்தில்தான் மாட்டினேன். விற்பனைக்காரர் அனுப்பிய படம் அசல் கேப்பின் படம், அதில் சந்தேகமே இல்லை. "அண்ணே, ஒண்ணுதான் கையிருப்பு, கண்டிக்காரர் ஒருத்தரும் கேக்குறாரு" என்றார். கண்டிக்காரர் என்று யாரும் இருந்திருக்கமாட்டார் என்று இப்போது தெரிகிறது. 14,000 ரூபாவை வங்கியில் போட்டேன். நாலாம் நாள் கூரியரில் பார்சல் வந்தது.

பிரித்ததும் லேசாக நாற்றம் அடித்தது. தோலின் உள்பக்கம் மஞ்சளாய்க் கொழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். நன்றாகப் பதப்படுத்திய கேப் காய்ந்து, கொழுப்பில்லாமல் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், கறுப்பு வெள்ளைக் கோடுகள் அத்தனை அழகாய் இருந்ததால் கட்டத் தொடங்கினேன். இரண்டு டசினையும் கொடுத்தும் விட்டேன்.

மூன்றாம் நாள் அண்ணன் போன் எடுத்தார். "தம்பி, ஒங்க பூச்சியெல்லாம் குளிக்கப் போயிருச்சு." தண்ணீரில் விழுந்த உடனே அமிழ்ந்ததாம். மிதக்க வைக்கும் எண்ணெயை வெள்ளைக்காரர் தடவிப் பார்த்தாராம், விரலெல்லாம் மை. அன்று இரவு மீதி இறகைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் சுத்த வெள்ளை. உண்மையான கிரிஸ்லியில் கோடு இறகோடு சேர்ந்து வளர்வது. அடியில் மங்கலாய் இருந்தாலும் கட்டாயம் தெரியும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது, இறகு வெளுத்தது.

வாங்குகிறவர்கள் படத்தை நம்பாமல் வீடியோ கேளுங்கள். இறகைத் திருப்பி அடிப்பக்கம் காட்டச் சொல்லுங்கள். வில் மாதிரி வளைத்தால் நார்கள் விரிந்து நிற்கவேண்டும். முள்ளின் வாய், அதாவது நுனிக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி, அதைப் போல ஒன்றரை மடங்கு நார் நீளம் போதும். கையில் கிடைத்தால் நார் நுனியை உதட்டில் வைத்து அழுத்துங்கள். குத்தினால் ட்ரை ஃப்ளைக்கு ஆகும், கூசினால் ஆகாது.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது அடுத்த சங்கதி. அந்தக் கொழுப்புத் தோலை மற்ற இறகுப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். மழைக்காலம், நுவரெலியா ஈரம். மூன்று கிழமை கழித்துத் திறந்தால் தோலை அரிக்கும் வண்டுப் புழுக்கள். ஆறு வருடமாய்ச் சேர்த்த இறகில் பாதி தூளாகிவிட்டது. எங்கிருந்து வந்த இறகானாலும் பையில் கட்டி, சில நாள் ஃப்ரீஸரில் போட்டு, வெளியே எடுத்து, மறுபடி போட்ட பிறகே பெட்டிக்குள் விடவேண்டும். என் சேவலின் இறகுக்கு இதை ஒழுங்காய்ச் செய்வேன். "அமெரிக்க" இறகு என்றதும் மரியாதை வந்து விட்டுவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அந்த ஆள், "இறகு இறகுதானே அண்ணே" என்றார். அதோடு விடவில்லை. ஈடாகக் காட்டுச் சேவல் கழுத்து தருகிறேன், சால்மன் ஃப்ளைக்கு வெளிநாட்டில் நல்ல விலை போகும் என்றார். இதற்கும் மயங்கிவிடாதீர்கள். சால்மன் ஃப்ளைக்குத் தேடுகிற, மெழுகுப் பொட்டு வைத்த மாதிரிக் கழுத்து இறகு இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிக்குத்தான் உண்டு. நம் காட்டுச் சேவலுக்கு அந்தப் பொட்டே கிடையாது. அது நாட்டின் தேசியப் பறவை வேறு. கொன்று விற்றால் சட்டத்தில் மாட்டுவோம்.

பிறகு என் நம்பரைத் தடுத்துவிட்டார். போன கிழமை வேறு பெயரில் அதே படம் வந்தது, விலை இப்போது 16,500. வெள்ளை டைல் தரையில் கேப், வலது மூலையில் நீல நிறச் செருப்பின் நுனி. அந்தச் செருப்பைக் கண்டால் பணம் அனுப்பாதீர்கள்.